அவர் விரல் அசைந்ததே, சிஸ்டர்!

கேள்வி:

அன்புள்ள சிஸ்டர், வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தமிழ் எழுதக் கற்றது அந்தக் காலத்து மாலைப் பள்ளியில்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன புரட்டாசியில் என் கணவர் (வயது 54) குளிக்கப் போன இடத்தில் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று சொன்னார்கள். அவர் பர்ஸில் உறுப்பு தான அட்டை இருந்தது. சில வருடத்துக்கு முன்பே வேலையிடத்தில் பதிந்துவிட்டு வந்து என்னிடமும் சொல்லியிருந்தார். நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு சிறுநீரகம், கல்லீரல், கருவிழிகள் எடுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அவருடைய அண்ணன், "என் தம்பியை முழுசாக அனுப்பாமல் அறுத்து அனுப்பிவிட்டாய். அடுத்த பிறவியில் கண் இல்லாமல்தான் பிறப்பான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் விற்றிருப்பார்கள் என்றும் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றுவிட்டது. என் கணவர் வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர், சாமி பயம் உள்ளவர். அவருக்குப் பாவம் சேர்த்துவிட்டேனா?

இப்போது தலைத் திவசம் வருகிறது. உயிர் போன நேரத்தைக் குருக்கள் கேட்கிறார். தாளில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்று இருக்கிறது. ஆனால் புதன் விடியற்காலை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் வரை அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை விரல்கூட அசைந்தது. எந்த நேரத்தைச் சொல்வது? அவர் உறுப்புகளைப் பெற்றவர்களைப் பார்க்க முடியுமா? அவர் பெயர் நிற்கிற மாதிரி திவசத்தன்று நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். திவசத்துக்கு எந்த நேரம், உறுப்பைப் பெற்றவர்களைப் பார்க்கலாமா, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாவமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விரல் அசைந்ததை மட்டும் கேள்வியாகக் கேட்கவில்லை. போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். இந்தப் பதினொரு மாதமும் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த ஒரு வரிதான் என்று எனக்குப் படுகிறது. அண்ணன் சொன்ன சொல் அவ்வளவு ஆழமாக இறங்கியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த விரல் அசைந்தபோது உங்கள் கணவர் உயிரோடு இல்லை, அக்கா.

மூளை முழுவதும் செயலிழந்த பிறகும் முதுகுத்தண்டு கொஞ்ச காலம் வேலை செய்யும். சூடான பாத்திரத்தில் கை பட்டதும், சுடுகிறது என்று நமக்கு உறைப்பதற்கு முன்பே கை தானாக இழுத்துக்கொள்கிறதல்லவா? அந்த இழுப்பு முதுகுத்தண்டிலிருந்து வருவது. மூளையின் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் விரல் மடங்குவதும் கால் கட்டைவிரல் துடிப்பதும் அதே வகைதான். முழுக்கையும் எழுந்து நெஞ்சின் மேல் வந்து விழுவதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். முதன்முதலில் பார்த்த அன்று, நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது, கட்டிலை விட்டு இரண்டடி பின்னால் போய்விட்டேன். படித்துவிட்டு வந்த எனக்கே அப்படி இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக் குடும்பம் நடத்திய உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

நெஞ்சு ஏறி இறங்கியது வென்டிலேட்டர் என்ற மூச்சு இயந்திரம் காற்றை உள்ளே தள்ளியதால். இதயம் துடித்ததற்குக் காரணம் வேறு. துடிப்பைத் தொடங்கிவைக்கிற ஒரு சின்னத் திசு இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும் வரை, மூளை இருந்தாலும் போனாலும், அது தன் பாட்டுக்குத் துடிக்கும். இதயம் துடிப்பதால் உடம்பு சூடாக இருக்கும், கன்னத்தில் நிறம் இருக்கும். தூங்குகிறவரைப் போலவே இருக்கும். வீட்டாரைப் போட்டு வதைப்பது இந்தத் தோற்றம்தான்.

அப்படியானால் இறந்துவிட்டார் என்று எப்படி அறிந்தார்கள்? நம் நாட்டில் குறைந்தது இரண்டு டாக்டர்கள் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். அவர்களில் ஒருவராவது ஐந்து வருடத்துக்குக் குறையாமல் தொழில் செய்தவராக இருக்க வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவில் உள்ள யாரும் அந்த இருவரில் இருக்கக் கூடாது. தூக்க மருந்தின் மயக்கமோ உடம்பின் குளிர்ச்சியோ இல்லை என்று முதலில் உறுதி செய்வார்கள். கண்ணில் டார்ச் அடித்தால் பாப்பா சுருங்காது. கருவிழியைப் பஞ்சு நுனியால் தொட்டால் இமை அசையாது. காதுக்குள் பனிக்கட்டித் தண்ணீர் விட்டால் கண் அந்தப் பக்கம் திரும்பாது. தொண்டைக்குள் குழாயை விட்டால் இருமல் வராது. கடைசியாக வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, ஆக்சிஜனை மட்டும் மெதுவாக விட்டபடி, நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மூளையின் அடித்தண்டில் ஒரு பொட்டு உயிர் மிச்சம் இருந்தாலும் உடம்பு ஒரு மூச்சு இழுக்கும். எவ்வளவு மூச்சை அடக்கினாலும் ஒரு கட்டத்தில் நம்மால் முடியாமல் போகிறதே, அதே உந்துதல்தான். பத்து நிமிடம் வரைக்கும் காத்திருப்பார்கள். அந்த நெஞ்சு அசையாது.

இந்தக் கடைசிப் பரிசோதனையின்போது விரும்பினால் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்று வீட்டாரிடம் நான் எப்போதும் சொல்வேன். பார்த்தவர்கள் அழுவார்கள். ஆனால் பார்த்த யாரும் பிறகு என்னிடம் வந்து, "உயிர் இருக்கும்போதே எடுத்துவிட்டோமா?" என்று கேட்டதில்லை. உங்களுக்கு அதை யாரும் காட்டவில்லை போலிருக்கிறது. விரல் அசையலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் தொழில் செய்பவர்களின் குறை. அந்தக் குறையைப் பதினொரு மாதமாக நீங்கள் உங்கள் பாவமாகச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

சரி, குருக்கள் கேட்ட நேரம். 2003-ஆம் ஆண்டின் நம் தேசிய சுகாதாரச் சட்டத்தில் மரணம் என்ற சொல்லுக்குப் பொருளே மூளைச்சாவுதான். எனவே தாளில் இருக்கும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அவர் இறந்த நேரம். அதை அப்படியே சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு எந்தத் திதி ஓடியது என்று கணிப்பது குருக்களின் வேலை, அதில் நான் வாய் வைக்க மாட்டேன். புதன் விடியற்காலை வரை நடந்தது அவருடைய உடம்பைப் பத்திரப்படுத்தி வைத்த வேலை. ரத்த அழுத்தம் இறங்காமல், உடம்பு குளிராமல், உப்புச்சத்தின் அளவு மாறாமல் ஒரு நர்ஸ் இரவு முழுவதும் கண் கொட்டாமல் பார்த்திருப்பார். எத்தனையோ இரவுகள் அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருப்பவரைப் பார்ப்பதைவிடக் கவனமாகத்தான் பார்ப்போம்.

அடுத்து, முழுசாக அனுப்பவில்லை என்ற பேச்சு. என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 71 வயதில் வீட்டிலேயே, ராத்திரி தூக்கத்தில் போய்விட்டார். இதயம் நின்ற பிறகு சிறுநீரகம், கல்லீரல் போன்றவற்றை வீட்டிலிருந்து கொடுக்க வழியில்லை. ஆனால் கருவிழியைக் கொடுக்கலாம். சுமார் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அம்மாவைக் கொண்டுபோய் வைத்திருந்த ஃபியூனரல் பார்லருக்கே ஆள் வந்து ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். காலையில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சின்னம்மாதான் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டினார். நெற்றியில் திருநீறு இட்டு, இமை ஓரத்தில் ஒட்டியிருந்த துகளை முந்தானையால் துடைத்துவிட்டார். அன்று முழுவதும் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதார். கண் தானம் செய்தது அவருக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து நான் சொன்னபோது நம்பவே இல்லை. எடுத்த பிறகு இமைக்கு அடியில் ஒரு சின்ன மூடி வைப்பார்கள். அதனால் இமை குழிவதில்லை. உள்ளுறுப்பு எடுத்த இடத்தை எந்த ஆபரேஷனிலும் தைப்பது போலத்தான் தைத்து, துடைத்து, துணி போர்த்தி அனுப்புவார்கள். எங்கள் குழுவில் கத்தி வைப்பதற்கு முன்பு எல்லோரும் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். பெயரைச் சொல்வோம்.

அடுத்த பிறவியில் கண் இல்லாமல் பிறப்பார் என்ற பேச்சை நான் இந்த ஊரில் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். கோபப்பட மாட்டேன், பயத்தில் சொல்வது அது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கிளேர் எஸ்டேட்டில் அவரைத் தகனம் செய்தீர்களா, அஸ்தியைக் கடலில் கரைத்தீர்களா? அந்த உடம்பில் ஒரு துணுக்காவது அடுத்த பிறவிக்குப் போகும் என்றால் நாம் யாரையுமே எரித்திருக்க மாட்டோமே. சிவனுக்குக் கண்ணைப் பெயர்த்து அப்பியவரைக் கண்ணப்பர் என்று கும்பிடுகிறோம். அவரைக் குருடர் என்று யாரும் சொன்னதில்லை. உங்கள் கணவரிடமிருந்து எடுத்த கருவிழிப் படலம் சுமார் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் ரத்தக் குழாயே கிடையாது. அதனால் மற்ற உறுப்புகளைப் போல ரத்த வகை பார்க்க வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை அண்ணனிடம் சொல்வதற்கு முன் நீங்கள் உங்கள் மனதுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். உங்கள் கணவர் காவடி எடுக்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்த்தி வைத்த ஒருவர் அதைச் செலுத்துவதற்குள் போய்விட்டால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? அண்ணன் தம்பியோ, பிள்ளையோ, பெண்டாட்டியோ அதைச் செலுத்திவிடுவார்கள். சாமி கடனை மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள். பர்ஸில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு திரிந்தாரே, அதையும் ஒரு நேர்த்தி என்றுதான் நான் நினைக்கிறேன். தன் உடம்பை முன்வைத்துச் சொன்ன சொல் அது, அலகு குத்திக்கொள்வதைப் போல. அதைச் செலுத்த வேண்டிய நேரம் வந்தபோது அவரால் முடியவில்லை. நீங்கள் செலுத்தினீர்கள். சடங்கில் எந்தக் குறையும் வைக்கவில்லை, அக்கா. முதல் சடங்கையே அந்த ஐ.சி.யு. அறையில் செய்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்திருக்கிறீர்கள்.

உலகத்தின் முதல் இதய மாற்று அறுவை 1967 டிசம்பர் 3-ஆம் தேதி நம் கேப் டவுனில்தான் நடந்தது. டாக்டர் கிறிஸ்டியான் பர்னார்டின் பெயர் எல்லோருக்கும் தெரியும். எட்வர்ட் டார்வால் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சாலை விபத்தில் மனைவியை இழந்து, 25 வயது மகள் டெனிஸையும் இனிக் காப்பாற்ற முடியாது என்று கேட்டுவிட்டு, சில நிமிடங்களில் சம்மதம் சொன்ன தகப்பன் அவர். அந்தப் பெண்ணின் இதயம் 53 வயது லூயிஸ் வாஷ்கான்ஸ்கிக்குப் போனது. அவர் 18 நாள் வாழ்ந்தார். அவளுடைய சிறுநீரகம் பத்து வயதுப் பையன் ஒருவனுக்குப் போனது. அவள் வெள்ளைக்காரப் பெண், அவன் கலப்பின வீட்டுப் பையன். ஆஸ்பத்திரி வாசலையே நிறம் பார்த்துப் பிரித்து வைத்திருந்த காலம் அது. பயிற்சியின்போது எங்களுக்கு டாக்டரின் கைத்திறமையைச் சொல்லித்தந்தார்கள். நான் அந்தத் தகப்பனின் சம்மதத்தைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோதும் நினைத்தேன்.

விற்றிருப்பார்கள் என்ற சந்தேகத்துக்கு வருகிறேன். இதை நான் மூடி மறைக்க மாட்டேன். நம் டர்பனிலேயே சிறுநீரக வியாபாரம் நடந்து 2003-ல் அம்பலமானது. 2010-ல் அதில் சிக்கிய தனியார் ஆஸ்பத்திரி நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியது. அண்ணனின் சந்தேகம் காற்றில் வந்ததில்லை. ஆனால் அங்கே நடந்தது வேறு. வெளிநாட்டிலிருந்து ஏழைகளை உயிரோடு கூட்டிவந்து, காசு கொடுத்து, சொந்தக்காரர் என்று பொய்க் காகிதம் போட்டுச் சிறுநீரகம் எடுத்தார்கள். இறந்தவரின் உறுப்பு போவது காத்திருப்போர் பட்டியலின்படி. ரத்த வகை, திசுப் பொருத்தம், யாருக்கு நோய் முற்றியிருக்கிறது என்று பார்த்துத்தான் யாருக்கு என்று முடிவாகும். விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். உறுப்பு எடுத்த செலவு என்று உங்களுக்கு ஒரு பில்லும் வந்திருக்கக் கூடாது. வந்திருந்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.

இனி, உறுப்பைப் பெற்றவர்களைப் பார்க்கலாமா? முடியாது, அக்கா. யார் கொடுத்தார், யார் பெற்றார் என்ற பெயர்களை இரு பக்கத்துக்கும் சொல்வதில்லை. முதலில் இது கொடுமையாகத் தெரியும். நாளாக ஆக இதில் இருக்கிற நியாயம் எனக்குப் புரிந்தது. பெற்றவருக்கு உடம்பு ஏற்காமல் போனால் அந்த வீட்டுச் செய்தி கேட்டு நீங்கள் இரண்டாம் முறை விதவையானது போல ஆகிவிடுவீர்கள். ஆனால் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கலாம். உங்கள் கணவருக்காக வேலை செய்த உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். ஆணா பெண்ணா, ஏறக்குறைய என்ன வயது, உறுப்பு வேலை செய்கிறதா என்ற அளவுக்குச் சொல்வார்கள்.

அவர்கள் சொல்வதற்கு முன்பு, சிறுநீரகம் பெற்ற ஒருவர் எப்படி இருப்பார் என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். டயாலிசிஸில் இருப்பவர் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் போல இயந்திரத்தோடு கட்டிக் கிடப்பார். அதைவிடக் கொடுமை தாகம். சிறுநீர் பிரியாததால் குடிக்கிற தண்ணீருக்கு அளவு உண்டு. பலருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்கூடக் கிடையாது, குழம்பும் காபியும் சேர்த்து. பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் ஒரு பனிக்கட்டியை வாயில் போட்டு அரை மணி நேரம் உருட்டிக்கொண்டிருப்பார்கள். மாற்று சிறுநீரகம் பொருத்திய மூன்றாம் நாள், ஒருவரிடம் நான் ஜக்கை நீட்டி, "இன்று இதைக் குடித்தே ஆக வேண்டும்" என்றேன். இரண்டு கையாலும் வாங்கினார். குடிக்கவில்லை. ஜக்கின் விளிம்பில் வழிந்த நீரை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முழுசுமா, சிஸ்டர்?" என்று கேட்டார். முழுசும் என்றேன். பிறகு குடித்தார், நிறுத்தாமல், சட்டையெல்லாம் நனைய. நாம் போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். உங்கள் கணவர் போன பிறகு இரண்டு பேருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

இரண்டு பேர் என்று சொன்னதும் குறைவுதான். நம் அரசு ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் இயந்திரம் எல்லோருக்கும் போதாது. 1997-ல் டர்பனைச் சேர்ந்த தியாகராஜ் சூப்ரமணி என்ற 41 வயதுக்காரர் அடிங்டன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கேட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரைக்கும் போனார். அவருக்குச் சர்க்கரையும் இதய நோயும் இருந்தன, மாற்று அறுவைக்குத் தகுதி இல்லை. இருக்கிற இயந்திரங்களை மாற்று அறுவைக்குத் தகுதியானவர்களுக்கே முதலில் தருவது என்பது ஆஸ்பத்திரியின் விதி. அந்த விதி சரி என்று நவம்பர் 27-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கொஞ்ச நாளில் அவர் இறந்துவிட்டார். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இந்த வழக்கைப் பாடமாகப் படிக்கிறார்கள். நான் அதை ஒரு நாற்காலிக் கணக்காகப் பார்க்கிறேன். ஒருவருக்குச் சிறுநீரகம் கிடைத்து அவர் எழுந்து போனால், அந்த நாற்காலி அன்றுகூடக் காலியாக இருக்காது. வெளியே காத்திருந்த இன்னொருவர் வந்து உட்காருவார். உங்கள் கணவர் இரண்டு நாற்காலியைக் காலி செய்திருக்கிறார். அதில் உட்கார்ந்தவர்களுக்கு அவரைப் பற்றி எதுவுமே தெரியாது.

2013-ல் உறுப்பு மாற்று பெற்றவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டி டர்பனில் நடந்தது. லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். வேறொருவரின் இதயத்தோடும் கல்லீரலோடும் எத்தனை நாட்டு மக்கள் ஓடினார்கள் தெரியுமா! மாலை வரை நின்றேன்.

அண்ணனைப் பற்றி எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். இறந்தவர் எழுத்தில் எதுவும் விட்டுப்போகாவிட்டால் யார் சம்மதிக்கலாம் என்று சட்டம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. கணவன் அல்லது மனைவி முதலில், அப்புறம் வயது வந்த பிள்ளைகள், பெற்றோர், கடைசியில்தான் உடன்பிறந்தவர்கள். உங்கள் விஷயத்தில் அட்டையும் இருந்தது, உங்கள் சம்மதமும் இருந்தது. சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் இதை அவரிடம் சொல்லவே சொல்லாதீர்கள். அவருடைய கோபம் சட்டத்தில் இல்லை. தம்பியின் தலைமாட்டில் எல்லாம் முடிவானபோது தன்னை ஒருவரும் கூப்பிடவில்லை என்பதில் இருக்கிறது. விரல் அசைந்த கதை அவர் காதுக்கும் வந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. உங்களைப் போலவே அவரும் அதை யாரிடமும் கேட்காமல் வைத்திருக்கலாம். இந்தப் பதிலின் முதல் பாதியை உங்கள் மகனையோ மகளையோ விட்டு அவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வேண்டுமானால் அவர் என்னோடு பேசட்டும், எத்தனை மணி நேரமானாலும் நான் பேசுகிறேன்.

திவசத்தன்று என்ன செய்யலாம்? அன்னதானம், கோவிலுக்கு அர்ச்சனை, எல்லாம் வழக்கம் போலச் செய்யுங்கள். கூடவே அவருடைய அட்டையைப் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். வருகிறவர்கள் என்ன அது என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கு மட்டும் சொல்லுங்கள், போதும். சொற்பொழிவு வேண்டாம். தட்டில் படிவங்களை வைத்து நீட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். திவச வீட்டில் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போடுகிற கையெழுத்து ஐ.சி.யு. வாசலில் நிற்காது. பதிவதைவிட முக்கியம், பதிந்ததை வீட்டில் சொல்லி வைப்பது. அட்டை இருந்தாலும் கடைசியில் வீட்டாரைத்தான் கேட்பார்கள். உங்கள் கணவர் உங்களிடம் முன்பே சொல்லி வைத்ததால்தான் அன்று உங்களால் முடிந்தது. நீங்களும் உங்கள் விருப்பம் எதுவாக இருந்தாலும், சம்மதம் என்றாலும் வேண்டாம் என்றாலும், அன்றைக்குப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இரண்டு பிள்ளைகளோ மூன்றோ, எல்லோரும் ரத்த அழுத்தம் பார்க்கட்டும். அப்பாவுக்கு 54 வயதில் வந்தது அவர்களுக்கும் வரலாம். நம்மவர்களில் சர்க்கரை அதிகம், அழுத்தமும் அதிகம். சிறுநீரகம் கெடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாலும்தான். திவசத்துக்கு முன்பே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அப்புறம், உறுப்பைப் பெற்றவர்களுக்குக் கடிதம் எழுதலாம். அதற்கு வழி இருக்கிறது. ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தால் அவர் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அவர்களுக்கு விருப்பம் இருந்தால் பதில் வரும். வராமலும் போகலாம், வருடம் கழித்தும் வரலாம். பெற்றவர்களில் பலர் பேனாவை எடுத்துவிட்டு, ஒருவர் செத்ததால் நான் பிழைத்தேன் என்று எப்படி எழுதுவது என்று தெரியாமல் அப்படியே வைத்துவிடுகிறார்கள். என் மேசையில் வந்து அழுதவர்கள் உண்டு. அதனால் நீங்கள் முதலில் எழுதுவது நல்லது. பெரிதாக எழுத வேண்டாம். அவர் எப்படிச் சிரிப்பார், ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பார், எந்தப் பாட்டை எப்போதும் முணுமுணுப்பார், அது போதும். சின்ன வயதுக் கதை ஒன்று வேண்டுமென்றால் அண்ணனைக் கேளுங்கள். தம்பி மரமேறி விழுந்ததோ, பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்ததோ, அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

ஊர் பெயரும் குடும்பப் பெயரும் போடாதீர்கள். எழுதி முடித்ததும் உறையை ஒட்டாமல் கொடுங்கள். தவறி ஏதாவது பெயர் வந்திருந்தால் பார்த்து எடுத்துவிட்டு, ஒருங்கிணைப்பாளரே ஒட்டி அனுப்புவார். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. மொழிபெயர்க்க ஆள் கிடைக்காவிட்டால் என்னிடம் அனுப்பச் சொல்லுங்கள்.